வண்டியின் மூக்குதான் துப்பாக்கி: பழைய கன்சோல்களில் கார் சண்டை விளையாட்டுகளை ஆடுவது எப்படி

ட்விஸ்டட் மெட்டல், விஜிலான்டி 8 போன்ற விளையாட்டுகளில் குறிபார்க்கத் தனியாக ஸ்டிக் எதுவும் கிடையாது. துப்பாக்கி காரோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. கார் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, குண்டும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகும். ஓட்டுவதும் குறிபார்ப்பதும் இங்கே ஒரே வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வகை விளையாட்டின் பாதி ரகசியம் பிடிபட்டுவிடும். டிவி எவ்வளவு தாமதமாகப் படம் காட்டுகிறது, கன்ட்ரோலரின் டி-பேட் (நான்கு திசைப் பட்டன்) எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் நேராகப் போய் உங்கள் குறியில் முட்டுவதும் இதனால்தான். ஆகவே சண்டை உத்திகளுக்கு முன்னால் பெட்டியையும் திரையையும் சரிசெய்துகொள்வோம்.

எதை வாங்கலாம்

ட்விஸ்டட் மெட்டல் 1995-இல் பிளேஸ்டேஷன் 1-க்கு வந்தது. சிங்கிள்டிராக் நிறுவனம் செய்தது. 1996-இல் வந்த இரண்டாம் பாகம்தான் இன்றைக்கும் தொடங்க நல்ல இடம். நகரங்கள் பெரியவை, உடைக்க நிறைய இருக்கிறது, இரண்டு பேர் ஒரே அணியாகப் போட்டித் தொடரை ஆடவும் முடியும். மூன்றாம் பாகமும் (1998) நான்காம் பாகமும் (1999) வேறு குழுவின் கையில், 989 ஸ்டுடியோஸிடம் போனவை. மூன்றாம் பாகத்தில் வண்டிகள் சின்ன மேட்டில் ஏறினாலும் புரண்டு விழும். அதில் தொடங்கினால் இந்த வகையே பிடிக்காமல் போய்விடக்கூடும்.

விஜிலான்டி 8 (1998) லக்ஸோஃப்ளக்ஸ் நிறுவனத்தின் வேலை. களம் 1970-களின் அமெரிக்கத் தென்மேற்கு. பிளேஸ்டேஷன் 1-இல் இருவர்தான் ஆடலாம். நின்டெண்டோ 64-இல் நால்வர். அதன் அடுத்த பாகமான செகண்ட் ஒஃபென்ஸ் 1999–2000-இல் பிளேஸ்டேஷன் 1, நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட் மூன்றுக்கும் வந்தது. நால்வர் ஆட ட்ரீம்காஸ்ட் பதிப்பே நம் தேர்வு. படம் தெளிவு, கன்ட்ரோலர் துளைகளும் பெட்டியிலேயே நான்கு.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு ட்விஸ்டட் மெட்டல்: பிளாக் (2001). இந்த வகையில் மிக வேகமானது, மிக இருண்டது, குழந்தைகளோடு ஆடக்கூடியதல்ல. சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கு கார்ட்டூன் பாணியில் 2001-இல் எக்ஸ்பாக்ஸுக்கும் 2002-இல் கேம்கியூபுக்கும் வந்த செல் டேமேஜ் பொருந்தும். டாங்கி பிடிக்குமென்றால் நின்டெண்டோ 64-இன் பேட்டில்டாங்க்ஸ்: குளோபல் அசால்ட் இருக்கிறது.

வாங்கும்போது மூன்று பொருத்தங்களைப் பாருங்கள். முதலாவது பிராந்தியப் பூட்டு: ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எனப் பிரிந்த டிஸ்க்குகள் வேறு பிராந்தியத்தின் மாற்றம் செய்யாத கன்சோலில் ஓடாது. இரண்டாவது வேகம். ஐரோப்பியப் பதிப்புகள் 50 ஹெர்ட்ஸில் ஓடுபவை. சரியாகத் திருத்தாமல் வெளியிட்ட விளையாட்டு 60 ஹெர்ட்ஸ் பதிப்பைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடும். கார் சண்டைக்கு 60 ஹெர்ட்ஸ் பதிப்பே சிறந்தது. மூன்றாவது மின்னழுத்தம். அமெரிக்க, ஜப்பானிய பிளேஸ்டேஷன் 1 பெட்டிக்குள் இருக்கும் மின்பலகை 100 முதல் 120 வோல்ட்டுக்கானது. அதை நேராக 230 வோல்ட்டில் செருகினால் முதல் நொடியிலேயே ஃபியூஸ் போய்விடும், சில சமயம் கூடவே வேறு பாகங்களும். பெட்டியின் பின்புறமும் அடியிலும் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தேவையென்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

திரை: தாமதம்தான் முதல் எதிரி

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கார் நொடிக்கு 90 பாகை திரும்புகிறது, டிவி படத்தை 100 மில்லிவினாடி தாமதமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி நடுவில் வந்துவிட்டான் என்று நீங்கள் பார்த்துக் கையை எடுக்கும்போது, உண்மையில் கார் 9 பாகை கடந்துபோயிருக்கும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்புவீர்கள், அங்கும் 9 பாகை தாண்டும். கார் பாம்பு மாதிரி நெளிகிறது, குண்டு ஒன்றும் படவில்லை என்று புலம்புபவர்களில் பலருக்குக் கோளாறு கையில் இல்லை, டிவியில் இருக்கிறது.

பழைய டியூப் டிவி கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம். தாமதம் இல்லை. அந்தக் காலப் படம் அந்தக் காலத் திரையில் சரியாகவே தெரியும்.

தட்டை டிவியில் சிக்கல் இரட்டை. பிளேஸ்டேஷன் 1-உம் நின்டெண்டோ 64-உம் பெரும்பாலும் 240பி என்ற படத்தை (240 கோடுகள், ஒவ்வொன்றும் முழுப்படம்) அனுப்புகின்றன. பல புதிய டிவிகள் இதை 480ஐ (480 கோடுகளை இரண்டு அரைப்படங்களாகப் பிரித்து அனுப்புவது) என்று தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத இரண்டு அரைப்படங்களை இணைக்க முயல்கின்றன. விளைவு, ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடு, மினுமினுப்பு, கூடவே தாமதம். மலிவு விலை ஏவி-எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டிகள் பலவும் இதே தப்பைத்தான் செய்கின்றன. டிவி செய்யும் தவறைப் பெட்டி செய்யும், அவ்வளவே வித்தியாசம்.

தீர்வு, 240பி-ஐ அடையாளம் கண்டு கோடுகளை அப்படியே இரட்டிப்பாக்கும் கருவி. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் வகைகள் மஞ்சள் ஏவி கேபிளையும் எஸ்-வீடியோவையும் ஏற்கும். ஓஎஸ்எஸ்சி என்ற இன்னொரு கருவி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் முறை) ஸ்கார்ட், காம்போனென்ட், விஜிஏ மட்டுமே ஏற்கும். மஞ்சள் கேபிளை அதில் நேராகச் செருக முடியாது. உங்களிடம் இருக்கும் கேபிளைப் பார்த்துவிட்டுக் கருவியை வாங்குங்கள். சில விளையாட்டுகள் மெனுவில் 480ஐ, ஆட்டத்தில் 240பி என்று மாறும். அந்த நொடியில் திரை கறுத்துவிட்டுத் திரும்பி வருவது பழுதல்ல.

கருவி வாங்காமல் செய்யக்கூடியது: டிவி அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். ஒலி வழியே ஒரு சோதனையும் செய்துகொள்ளலாம். கன்சோலின் சிவப்பு, வெள்ளை ஒலிக் கேபிள்களை டிவியில் செருகாமல் தனி ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ செருகுங்கள். மெஷின்கன்னை ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். சத்தம் முதலில் கேட்டு, திரையில் பொறி பிறகு தெரிந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் டிவியின் தாமதம். காதுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிற அளவு இருந்தால் அந்த டிவியில் கார் சண்டை வேண்டாம்.

கேபிள் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஜிபியில் படம் கூர்மையாக வரும். ஆனால் பிளேஸ்டேஷன் 1 நிறங்களைக் கலக்கப் போடும் புள்ளிக் கோலமும் அதே கூர்மையோடு தெரியும். மஞ்சள் கேபிள் அதையெல்லாம் மழுப்பிவிடும். எதை விரும்புவது என்பது அவரவர் கண். தாமதம் இல்லாத மங்கல் படம், தாமதமான கூர்மைப் படத்தைவிட மேல் என்பதில் மட்டும் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ட்ரீம்காஸ்டில் விஜிஏ பெட்டி போட்டால் 480பி (480 கோடுகளும் ஒரே முழுப்படமாக) கிடைக்கும். ஆனால் எல்லா விளையாட்டும் அதை ஏற்காது என்பதால் ஏவி கேபிளையும் கைவசம் வையுங்கள்.

கன்ட்ரோலர்

ட்விஸ்டட் மெட்டலின் முதல் இரண்டு பாகங்கள் டூயல்ஷாக் (அனலாக் ஸ்டிக் உள்ள பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்) வருவதற்கு முந்தையவை. அனலாக் ஸ்டிக்கை அவை அறியா. கன்ட்ரோலரின் நடுவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அனலாக் நிலையில் இருக்கிறது. பழைய விளையாட்டு அந்தக் கன்ட்ரோலரைக் கண்டுகொள்ளாமலே போகலாம். "கன்ட்ரோலர் செத்துவிட்டது" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அனலாக் பட்டனை ஒரு முறை அழுத்தி விளக்கை அணையுங்கள்.

இந்த விளையாட்டுகளில் அதிகம் அடிபடுவது தோள்பட்டை பட்டன்களும் டி-பேடும். பிளேஸ்டேஷன் 1 கன்ட்ரோலரில் பட்டன் அழுத்தமாக அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால், பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, ரப்பர் தகட்டை எடுத்து, அதன் அடியிலிருக்கும் கறுப்புக் கார்பன் புள்ளிகளையும் பலகையில் அவை தொடும் இடங்களையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் (90 சதவீதத்துக்கு மேல்) தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடையுங்கள். கார்பனை அழுத்தித் தேய்க்க வேண்டாம், உரிந்து வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள்.

பிளேஸ்டேஷன் 2-இன் டூயல்ஷாக் 2 வேறு சாதி. அதற்குள் பட்டன்களின் அடியில் பலகைக்குப் பதில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அது முக்கியப் பலகையைத் தொடும் இடத்தில் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும். வருடங்கள் ஆக ஆகப் பஞ்சு தட்டையாகிவிடும். அப்போது சில பட்டன்கள் வேலை செய்யாது, சில தானாகவே அழுந்தும்; ஆயுதம் தானாக மாறிக்கொண்டே இருந்தால் இதுதான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். திறந்து, அந்தப் பஞ்சின் அடியில் மின்சார டேப்பை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து வைத்து மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மடிப்பு அதிகமானால் உறை மூடாது, படலமும் வளையும். முதலில் இரண்டு மடிப்பு போதும்.

நின்டெண்டோ 64 ஸ்டிக் தேய்வது பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் உரசுவதால். அடியில் வெள்ளைப் பொடி விழுந்திருந்தால் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்று பொருள். அது தளர்ந்தால் கார் நேராகப் போகாது, மூக்கு எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். முதலில் மையத்தைச் சரிசெய்து பாருங்கள்: ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த நிலையே புதிய மையமாகும். கன்சோலை ஆன் செய்யும்போதும் ஸ்டிக்கில் கை இருக்கக் கூடாது. அந்த நேரத்து நிலையைத்தான் அது மையமாக எடுத்துக்கொள்கிறது. அப்படியும் தள்ளாடினால் ஸ்டிக் பகுதியை மாற்ற வேண்டியதுதான்.

டிஸ்க்கும் பெட்டியும்

ட்விஸ்டட் மெட்டல் 2-இல் பின்னணி இசை டிஸ்க்கில் ஆடியோ டிராக்குகளாகவே இருக்கிறது. களம் நினைவகத்தில் ஏறிய பிறகு லென்ஸ் பெரும்பாலும் இசையைத்தான் படித்துக்கொண்டிருக்கும். ஆகவே சண்டை ஒழுங்காக ஓடும்போது இசை மட்டும் விக்குகிறது, நின்றுவிடுகிறது என்றால் அது லென்ஸோ டிஸ்க்கோ தரும் முதல் எச்சரிக்கை. வேறொரு நல்ல டிஸ்க் போட்டுப் பாருங்கள். அதிலும் விக்கினால் குறை பெட்டியில்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, நீளமான தகவலை அழித்துவிடும். லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எடையே இல்லாமல் ஒரு சுற்று துடைத்தால் போதும்.

பிளேஸ்டேஷன் 1-இன் ஆரம்ப மாடல்களில் (எஸ்சிபிஹெச்-1000 வரிசை) லென்ஸ் நகரும் வண்டி பிளாஸ்டிக்கால் ஆனது, தேய்ந்து சாய்ந்துவிடும். அந்தக் காலத்தில் கன்சோலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடியது இதனால்தான். வாங்குவதானால் பின்னாளில் வந்த 7000, 9000 வரிசை மாடல்களையோ 2000-இல் வந்த சிறிய பிஎஸ் ஒன்னையோ தேடுங்கள்.

பிளேஸ்டேஷன் 2-இலும் பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் ஓடும். ஆனால் சேமிக்க பழைய பிளேஸ்டேஷன் 1 மெமரி கார்டுதான் வேண்டும். 8 எம்பி கார்டில் பழைய விளையாட்டு நேரடியாக எழுதாது. ட்விஸ்டட் மெட்டல் 2-க்கு அந்தக் கவலையே இல்லை, அது பாஸ்வேர்டு தரும் விளையாட்டு. கட்டம் முடிந்ததும் திரையைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். கையால் எழுதினால் வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் ஒரு தப்பு நிச்சயம்.

கார்ட்ரிட்ஜ்களுக்கு ஊதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சில் ஈரம் தொடுமுனைகளைக் கறுக்க வைக்கும். ஆல்கஹால் பஞ்சுக் குச்சி, காய ஐந்து நிமிடம், அவ்வளவுதான். விஜிலான்டி 8-இன் நின்டெண்டோ 64 பதிப்பு எக்ஸ்பான்ஷன் பேக்கை (4 எம்பி நினைவகத்தை 8 ஆக்குவது) பயன்படுத்தி உயர் தெளிவில் ஓடும். ஆனால் தெளிவைக் கூட்டினால் படம் மெதுவாகும்; நால்வர் ஆடும்போது குறைந்த தெளிவில் வைப்பதே நல்லது. பேக்கைக் கழற்றினால் அந்த இடத்தில் முதலில் இருந்த ஜம்பர் பேக்கைத் திரும்பப் போட வேண்டும். காலியாக விட்டால் கன்சோல் படமே காட்டாது.

ட்ரீம்காஸ்ட் ஆட்டத்தின் நடுவே தானாக மறுதொடக்கம் ஆகிறதென்றால், மின்பலகை தாய்ப்பலகையோடு இணையும் ஊசிகளில் அழுக்குப் படிந்திருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பலகையைத் தூக்கி, ஊசிகளைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். மின்பலகைக் கன்டென்சரைக் கையால் தொடாதீர்கள். முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: 1.6 பதிப்புக்கு முந்தைய பலகைகளில் கடிகாரத்துக்கான கன்டென்சர் கசிந்து பலகையையே அரித்துவிடும். ஆடுகிறீர்களோ இல்லையோ, அதை எடுத்துவிடுங்கள். நேரம் மறக்கும், வேறு எந்த இழப்பும் இல்லை.

முதல் நாள்: சுடாமல் ஓட்டுங்கள்

இனி சாலைக்கு வருவோம். புதிதாக ஆடுபவர் செய்யும் பெரிய பிழை, தொடங்கியதும் கண்ணில் பட்ட முதல் எதிரியை நோக்கிப் பாய்வது. கையில் மெஷின்கன் தவிர ஒன்றும் இருக்காது, எதிரிகள் எல்லாரும் உயிர்ப்பட்டை நிறைய வைத்திருப்பார்கள்.

முதலில் எதிரி ஒருவரை மட்டும் வைத்து, எளிய நிலையில் ஒரு களத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் அவரைக் கண்டுகொள்ளாமல் இவற்றை மட்டும் பழகுங்கள்.

ஒன்று, இறுக்கத் திருப்பம். பெரும்பாலான விளையாட்டுகளில் இதற்கென ஒரு பட்டன் இருக்கும். அமைப்பு மெனுவில் அது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் வந்து, கேஸை (ஆக்சிலரேட்டர் பட்டனை) விட்டு, திருப்பப் பட்டனோடு ஒரு பக்கம் அழுத்துங்கள். கார் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழலும். மூக்கு பின்புறம் பார்ப்பதற்குச் சற்று முன்பே பட்டனை விட்டுவிட்டு கேஸை அழுத்த வேண்டும். "சற்று முன்பே" என்பதன் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. ஒரே வண்டியில் நூறு முறை செய்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு, பின்னோக்கி ஓட்டுவது. துரத்துபவர் பின்னால் இருக்கும்போது உங்கள் மூக்கு வெற்றிடத்தைச் சுடும். சுழன்று, அவரைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தால், நீங்கள் ஓடிக்கொண்டும் இருக்கிறீர்கள், சுட்டுக்கொண்டும் இருக்கிறீர்கள். பின்கியர் மெதுவானது என்பதால் இது நீளமான நேர்ப்பாதையில்தான் பலிக்கும். பின்னால் சுவரா பள்ளமா என்று தெரியாத இடத்தில் செய்தால் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். கூரைமேல் நடக்கும் களங்களில் எதிரி சுடுவதற்கு முன்னே நீங்களே விழுந்து சாவீர்கள்.

மூன்று, டர்போ, அதாவது சிறிது நேரத்துக்கான கூடுதல் வேகம். கேஸை இரட்டைத் தட்டு தட்டினால் டர்போ பிடிப்பது ட்விஸ்டட் மெட்டலின் வழக்கம். பதற்றத்தில் கேஸை விட்டு விட்டு அழுத்துபவர்கள் தெரியாமலே டர்போவைக் காலி செய்துவிடுவார்கள். கேஸை ஒரே பிடியாக அழுத்திப் பழகுங்கள். டர்போ தாக்குவதற்கல்ல, தப்பிப்பதற்கு என்று வைத்துக்கொண்டால் தோல்விகள் பாதியாகும்.

வண்டித் தேர்வில் நடுத்தரத்திலிருந்து தொடங்குங்கள். ட்விஸ்டட் மெட்டல் 2-இல் மிஸ்டர் கிரிம்மின் மோட்டார் சைக்கிளுக்குச் சிறப்பு ஆயுதம் பயங்கரம். ஆனால் கவசம் காகிதம். வார்த்தாக் அதற்கு நேர்மாறு, அடி தாங்கும். ஸ்பெக்டரின் ஏவுகணை சுவரை ஊடுருவிப் போகும் என்பதால் குறி இன்னும் பழகாதவர்களுக்கு அது நல்ல ஆசான். தம்ப்பரின் தீ அருகில் ஒட்டினால்தான் வேலை செய்யும். திருப்பம் கைவந்த பிறகு எடுங்கள்.

ஆயுதமும் தூரமும்

ட்விஸ்டட் மெட்டல் ஏவுகணைகளில் ஒரு எளிய பேரம் இருக்கிறது: தானாகத் துரத்தும் திறன் கூடக் கூட, அடி குறையும். ஹோமிங் நன்றாகத் துரத்தும், குறைவாக அடிக்கும். ஃபயர் கொஞ்சம் துரத்தும், நடுத்தரமாக அடிக்கும். பவர் துரத்தவே துரத்தாது, பலமாக அடிக்கும். இதிலிருந்தே தூரக் கணக்கு வருகிறது. தொலைவில் குறுக்காக ஓடுபவருக்கு ஹோமிங், எதிரில் வருபவருக்கு ஃபயர், முட்டும் தூரத்திலோ நின்றுகொண்டிருப்பவருக்கோ பவர். தொலைவில் பவரை ஏவுவது வீண்செலவு.

மெஷின்கன் தீராது. ஆகவே ஏவுகணை ஏவும்போதும் அதை விடாதீர்கள். அந்தக் கோடு உங்கள் மூக்கு எங்கே பார்க்கிறது என்று காட்டும் குச்சி. குண்டு எதிரியின் இடப்பக்கம் விழுகிறதென்றால் வலப்பக்கம் ஒரு தட்டு, பிறகு ஏவுகணை.

சேர்த்து வைப்பவர்கள் ஒரு தனி ரகம். பத்துப் பவர் ஏவுகணையைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப்போவார்கள். வெடித்த காரோடு ஆயுதமும் போய்விடும். உயிர்ப்பட்டை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது கையில் நிறைய இருந்தால், அதுவரை கஞ்சத்தனம் செய்துவிட்டீர்கள் என்று பொருள்.

டி-பேட் சூத்திரங்கள்

ட்விஸ்டட் மெட்டல் 2-இல் தனியாக ஓர் ஆற்றல் பட்டை மெல்ல நிரம்பிக்கொண்டே இருக்கும். டி-பேடில் திசைகளை வரிசையாகத் தட்டி அதைச் செலவழிக்கலாம். முதலில் கற்க வேண்டியவை இந்த நான்கு:

உறைய வைக்க: இடது, வலது, மேல்.
கேடயம்: மேல், மேல், வலது.
தாவல்: மேல், மேல், இடது.
பின்புறம் சுட: இடது, வலது, கீழ்.

இடது, வலது இரண்டும் ஸ்டீயரிங்கும்தான் என்பதால், மெதுவாகத் தட்டினால் கார் வளைந்து, உறைய வைக்கும் குண்டு பக்கத்துச் சுவரில் போய்ப் படும். மூன்று தட்டும் அரை நொடிக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே விரல் டி-பேடை விட்டு முழுவதும் எழ வேண்டும். அழுத்தியபடியே உருட்டினால் மூலைத் திசை பதிவாகிச் சூத்திரம் கெடும். தேய்ந்த டி-பேடில் இது வராமல் போவதற்கு உங்கள் விரல் காரணமல்ல.

உறைந்தவர் சில நொடிகளே உறைந்திருப்பார். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: ஆயுதத்தைப் பவருக்கு மாற்றுவது. மாற்ற நேரமாகும் என்பதால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பவரை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு உறைய வைத்து, உடனே ஏவுங்கள். துரத்தாத ஏவுகணைக்கு நகராத இலக்கு. இந்த விளையாட்டின் மிகச் சிக்கனமான அடி இது.

விஜிலான்டி 8-இல் இதே எண்ணம் வேறு வடிவில். அங்கே பொது ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் திசைத் தட்டல்களால் வரும் மூன்று சிறப்புத் தாக்குதல்கள் உண்டு. சாதாரணச் சூட்டைவிட அதிகத் தோட்டாவைத் தின்னும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் அதிகம் எடுக்கும் ஆயுதத்தின் ஒரு சூத்திரத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தால் போதும். செகண்ட் ஒஃபென்ஸில் வீழ்த்திய வண்டிகளிலிருந்து பொறுக்கும் புள்ளிகள் உங்கள் வண்டியை மேம்படுத்தும். பொறுக்காமல் அடுத்த எதிரியிடம் ஓடிவிட்டால் பின்கட்டங்களில் அதன் விலை தெரியும்.

கூட்டத்தின் நடுவில்

கணினி ஓட்டும் எதிரிகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள் என்று நம்பி நடுக்களத்தில் நிற்காதீர்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் உங்கள்மேல்தான் கண். இதையே உங்களுக்குச் சாதகமாக்கலாம். ஒரு குறுகிய சந்துக்குள் நுழைந்து, வெளியேறும் முனையில் கண்ணிவெடியை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி இறுக்கமாகத் திரும்பி நில்லுங்கள். பரந்த வெளியில் நான்கு பக்கமும் வந்தவர்கள் இப்போது ஒற்றை வரிசையில், உங்கள் மூக்கு பார்க்கும் திசையிலேயே வருவார்கள். நீங்கள் குறிபார்க்க வேண்டிய வேலையைச் சந்தே செய்துவிடுகிறது.

அடிபட்டு ஓடும்போது நேராக ஓடாதீர்கள். ஹோமிங்கைவிட வேகமாக ஓட முடியாது, ஆனால் அதற்குக் கட்டடத்தைச் சுற்றத் தெரியாது. ஒரு தூணையோ சுவரையோ நடுவில் போடுங்கள். உயிர்ப்பொருள் இருக்கும் இடங்களைச் சண்டைக்கு முன்பே சுற்றிப் பார்த்து மனதில் குறித்திருந்தால், ஓடுவதற்கு ஒரு திசை இருக்கும், இல்லையென்றால் வட்டமடிப்பீர்கள். அதிலும் முழு உயிரோடு இருக்கும்போது உயிர்ப்பொருளை எடுத்து வீணாக்குவது, பின்னால் நீங்களே தேடி அலையப்போகும் பொருளைத் தின்பது.

களத்தையும் ஆயுதமாக எண்ணுங்கள். ட்விஸ்டட் மெட்டல் 2-இன் பாரிஸ் களத்தில் ஈஃபிள் கோபுரத்தை வெடித்துச் சாய்த்தால் அதுவே கூரைகளுக்குப் போகும் பாலமாகிவிடும். கூரைமேல் எதிரிகள் வரிசையாகத்தான் வர முடியும். அண்டார்டிகா களத்தில் அதற்கு நேர்மாறு: பனித்தரை துண்டு துண்டாக உடைந்து விழும், நின்ற இடத்தில் நிற்கக் கூடாது.

நால்வர் ஆடும்போது

பிளேஸ்டேஷனில் நால்வர் ஆட மல்டிடேப் (ஒரே துளையில் பல கன்ட்ரோலரைச் செருக உதவும் பெட்டி) வேண்டும். விளையாட்டும் அதை ஏற்க வேண்டும். ட்விஸ்டட் மெட்டல் 4, பிளாக் இரண்டும் ஏற்கும். மல்டிடேப் வாங்கும்போது ஏமாறும் இடம் இது: பிளேஸ்டேஷன் 2-இன் பெரிய பெட்டிக்கான மல்டிடேப் ஸ்லிம் பெட்டியில் பொருந்தாது, பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகளுக்கும் அது உதவாது, அவற்றுக்கு எஸ்சிபிஹெச்-1070 என்ற பழைய மல்டிடேப்தான்.

240பி படத்தை நான்காகப் பிரித்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 160க்கு 120 புள்ளிகள்தான் கிடைக்கும். தொலைவில் இருக்கும் கார் இரண்டு மூன்று புள்ளியாகச் சுருங்கிவிடும். கண்ணால் தேடாமல் ரேடாரைப் பார்த்து மூக்கைத் திருப்பப் பழகுங்கள். சின்னத் திரையில் நால்வர் ஆடுவது கண்ணுக்குத் தண்டனை.

நான்காகப் பிரிந்த திரையில் அடுத்தவர் கட்டத்தை எட்டிப் பார்ப்பதைத் தடுக்க முடியாது, எல்லாரும் பார்ப்பார்கள். அதற்கேற்ப ஆடுங்கள்: உங்கள் கட்டத்தில் அடையாளம் தெரியும் கோபுரமோ பாலமோ தெரியாதபடி, வெறும் சுவரைப் பார்த்து நின்றால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மற்றவர்களுக்குப் புரியாது. ரேடார் காட்டிக்கொடுக்கும்தான், ஆனால் அது திசையைச் சொல்லுமே தவிர, நீங்கள் மேல்தளத்திலா கீழ்தளத்திலா என்று பல விளையாட்டுகளில் சொல்லாது.